முன்பாதி சொல்கிறவர்

குடும்பமாக உட்கார்ந்து செபமாலை சொல்வது இரண்டு பேர் மரம் அறுக்கும் வேலையைப் போன்றது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். 'அருள் நிறைந்த' என்று தொடங்கும் முன்பாதியை ஒருவர் சொல்வார். அது வாழ்த்து. 'புனித மரியே' என்று தொடங்கும் பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். அது வேண்டுதல். மாலையில் கோத்த ஒரு மணிக்கு ஒரு முறை, இப்படி ஐம்பது மணி. ஒருவர் சொல்லும் நேரத்தில் மற்றவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைகூடத் தொண்டை வறளாமல் சொல்லி முடிப்பது அதனால்தான்.

மேட்டுப்பாளையத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமுள்ள அந்த ஓட்டு வீட்டில் பதினோரு வருடங்களாக முன்பாதி லூயிஸுடையது. கோத்தகிரிக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போய்க் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி வரும் சின்ன லாரியை ஓட்டினான். பொழுது சாயும்போது வந்து, வெந்நீரில் குளித்து, ஏழு மணிக்குப் பாயை விரிப்பான். நேஹாவுக்கு இப்போது ஒன்பது வயது, ஆல்வினுக்கு ஆறு. இருவரும் பேசக் கற்றுக்கொண்டபோதே பின்பாதியைக் கற்றுக்கொண்டார்கள். முன்பாதி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் முழு மந்திரத்தையும் நேஹா ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். ஆனால் வீட்டில் அது அப்பாவுடையது. அவர் தட்டில் வேறு யாரும் சாப்பிடாததைப் போல, அதை வேறு யாரும் சொன்னதில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லூயிஸ் கிணற்றடியில் சரிந்தான். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் சரி, தலையணைக்கும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி.

பிள்ளைகள் செபமாலையை நிறுத்தவில்லை. அதுதான் லூயிஸின் மனைவி லோகப்பிரியாவை வாட்டியது. ஏழு மணிக்குக் கட்டிலருகே பாயை விரித்து, நேஹா செபமாலை மணியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். முன்பாதி சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு சேர்ந்து பின்பாதியைச் சொல்வார்கள். மறுபடி மௌனம். ஐம்பது மௌனம். சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருக்கும் லோகப்பிரியாவின் கை அந்த மௌனங்களில் எல்லாம் நின்று நின்று ஓடும்.

அவள் கிறிஸ்தவச்சி இல்லை. காரமடைப் பக்கம் விவசாயக் குடும்பம். லூயிஸை விரும்பி மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள், பொட்டை விடவில்லை. கல்யாணத்துக்கு முன் பங்குச் சாமியார் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். பிறக்கும் பிள்ளைகளைச் செபத்தில் வளர்ப்பேன் என்று லூயிஸ் அதில் கையெழுத்துப் போட்டான். அவள் போட வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். கேட்டுக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை பாக்குக் கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் சாந்தாமணி கேட்டாள்.

"ஏனம்மணி, நேத்துப் பொழுதோட உங்கூட்டு வாசல்ல கொடையப் புடிச்சுட்டு ஒரு டீச்சர் நின்னுட்டிருந்துச்சே, என்ன சங்கதி?"

லூயிஸ் விழுந்த பிறகு லோகப்பிரியா வந்து சேர்ந்த வேலை இது. பச்சைப் பாக்கை உரிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலகையில் பொருத்திய கத்தி அசையாது. பாக்கைத்தான் அதன்மேல் திருப்ப வேண்டும். ஆழமாக இறங்கினால் உள்ளே கொட்டை வெட்டுப்படும், மேலாக இறங்கினால் நார் பிரியாது. சரியான ஆழத்தில் அரைச் சுற்று கொடுத்தால் கொட்டை தானாகக் கழன்று விழும். அக்டோபர் மழை பிடித்திருந்ததால் வேகவைத்த பாக்கு வெயிலுக்குப் போகாமல் கொட்டகை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. புழுங்கிய துவர்ப்பு வாடை. எல்லாப் பெண்களின் விரல்களிலும் கருத்த கறை.

"பிலோமி டீச்சருங்க்கா. இந்த மாசம் மாதா சுரூபத்தை ஊடு ஊடாக் கொண்டுபோய் செபமாலை சொல்லுவாங்க. வெசாழக்கெழமை எங்கூட்டு மொறை."

"மாதா வந்தா வந்துட்டுப் போகுது. ஒரு பொரி, ஒரு டீ. அதுக்கா மூஞ்சி இப்பிடி?"

"ஊட்டுக்காரங்கதானுங்க்கா முன்னால சொல்லோணும். டீச்சரே சொன்னாங்க, இந்த வருஷம் உங்கூட்டத் தாண்டிப் போயர்றோம், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கன்னு. நானும் சரின்னு வாயத் தொறக்கறேன், இந்த நேஹா குறுக்க வந்து, 'வேண்டாங் டீச்சர், எங்கூட்டுக்கும் வரட்டும், அப்பா சொல்லுவாரு'ன்னு சொல்லிப்போட்டா."

"சொல்லுவாரா?"

"எங்கீங்க சொல்றது. மாதா ஊட்டுக்குள்ள கால் வெச்சா அப்பனுக்குப் பேச்சு வந்துரும்னு அவளா முடிவு பண்ணி வெச்சிருக்கா. நாலு மாசமா அதேதான் வேண்டறா."

சாந்தாமணி கத்தியிலிருந்து நாரை வழித்துப் போட்டாள். "வனபத்ரகாளிக்கு ஒரு வெளக்கு, மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. உங்கூட்டுல தீப்பெட்டிதான் சாஸ்தியாச் செலவாகும் போல."

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரி, சிரி. புள்ளைகிட்ட நேராச் சொல்லிரு, அப்பனுக்குப் பேச்சு வராதுன்னு."

"வராதுன்னு டாக்டரே சொல்லலீங்க்கா. வரும்னும் சொல்லல."

"அப்ப அவ வேண்டறதத் தப்புன்னும் சொல்ல முடியாது."

"அதுதானுங்க்கா. வெசாழக்கெழம அத்தன பேருக்கு முன்னால அவரு வாயத் தொறக்கலைன்னா, இவ இனிமே அந்த மணியத் தொடமாட்டா. எனக்கு அவளத் தெரியும். எங்கப்பன் புடிவாதம் அப்பிடியே வந்திருக்குது."

"தொடலைன்னா உனக்கென்ன? நீயா கும்படறே?"

லோகப்பிரியா இரண்டு பாக்கு உரித்துப் போட்டாள். "கையெழுத்துப் போட்டது அவருங்க்கா. படுத்துட்டாரு. இப்ப அது யாரு சோலி?"

*

செவ்வாய்க்கிழமை மாலை அது நடந்தது. அரிசிம்பருப்புச் சோற்றைக் குக்கரில் வைத்துவிட்டு, லூயிஸுக்கு விழுங்க எளிதாக இருக்கும்படி அதைக் குழைய விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பிள்ளைகள் ஐம்பது மணியில் மூன்றாவது பத்தில் இருந்தார்கள். மௌனம். பின்பாதி. மௌனம். காலையிலிருந்து குனிந்த இடுப்பு வலித்தது. அந்த மௌனம் வலியை நீட்டுவதுபோல இருந்தது. பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு ஊறிய காது ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. தன்னை அறியாமல் அடுப்படியிலிருந்தே "அருள் நிறைந்த" என்று சொன்னாள்.

முன்னறையிலிருந்து லூயிஸின் குரல் அதைப் பிடித்துக்கொண்டது. சற்றுக் குழறலோடு, ஆனால் ஒரு சொல்லும் தவறாமல், லாரி ஓட்டிக் கரகரத்த அந்தப் பழைய குரலில் முன்பாதி முழுவதும் வந்து முடிந்தது.

பின்பாதி சொல்ல யாரும் இல்லை. பிள்ளைகள் பாயில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். லோகப்பிரியா கரண்டியோடு ஓடி வந்தாள். லூயிஸ் எல்லோரையும்விட அதிகமாகத் திகைத்திருந்தான்.

"ஏனுங்க," என்றாள். "ஏனுங்க, இன்னொருக்கா பேசுங்க. எம்பேரச் சொல்லுங்க."

லூயிஸ் உதட்டைக் கூட்டினான். நெற்றி நரம்பு புடைத்தது. "சரி," என்றான். "சரி, சரி." இடது கையால் எதையோ காட்டினான். தண்ணீரா, விசிறியா என்று யாருக்கும் தெரியவில்லை. லோகப்பிரியா தண்ணீர் கொண்டுவந்தாள். தலையை ஆட்டி மறுத்தான். விசிறியைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டான்.

நேஹா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் அதற்குள் வாசலுக்கு ஓடி, எதிர்வீட்டில் சொல்லி, பக்கத்து வீட்டில் சொல்லி, பிலோமி டீச்சர் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மதியம் கை கால் பயிற்சி கொடுக்க ரூபினா வந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வரும் பெண். லோகப்பிரியா வேலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பள்ளி மழை விடுமுறை என்பதால் நேஹாவும் இருந்தாள்.

ரூபினா லூயிஸின் கையை மடக்கி நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அண்ணா, ஒண்ணு, ரெண்டு…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். லூயிஸ் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை சொல்லிக்கொண்டே போனான். நேஹா கைதட்டினாள். "இப்ப இது எத்தனைங்ணா?" என்று மூன்று விரலைக் காட்டினாள் ரூபினா. லூயிஸ் விரல்களையே பார்த்தான். "சரி," என்றான்.

"இப்பிடி நெறைய பேருக்கு இருக்குதுங்க அக்கா," என்றாள் ரூபினா. "நாம யோசிச்சுப் பேசறது ஒரு வழி. மனப்பாடமா உருப்போட்டு வெச்சது, எண்ணறது, பாடறது, செபம், இதெல்லாம் வேற வழி. அண்ணன் டிரைவர்தானுங்களே, அவருக்கே தெரியும். ஊட்டிக்குப் போக ரெண்டு ரோடு. பர்லியார் ரோட்டுல மண்ணு சரிஞ்சா கோத்தகிரி சுத்தித்தான் போகோணும். அண்ணனுக்கு இப்ப பர்லியார் மூடிக் கெடக்குது."

லூயிஸ் சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

"அப்ப கோத்தகிரி வழியா எல்லாத்தையும் கொண்டாரலாமுங்களா?" என்றாள் நேஹா.

"அங்கதாங் கண்ணு செரமம். அந்த ரோட்டுல முன்னாடியே மூட்ட கட்டி வெச்ச லோடு மட்டுந்தான் வரும். புதுசா ஒரு மூட்ட ஏத்த முடியாது. தண்ணி வேணும்ங்கறது புது மூட்ட."

"மாதா ஏத்துவாங்க," என்றாள் நேஹா.

ரூபினா லோகப்பிரியாவைப் பார்த்தாள். கிளம்பும்போது வாசலில் தாழ்ந்த குரலில், "ஆளுங்க கூடி நின்னு, இப்ப சொல்லு இப்ப சொல்லுன்னா அதுவும் வராதுங்க அக்கா. மனசு பதறுனா கதவு சாத்திக்கும். சொல்லி வைங்க," என்றாள்.

யாரிடம் சொல்லி வைப்பது? புதன் இரவுக்குள் மாதா போகும் முப்பது வீட்டுக்கும் செய்தி போய்விட்டது.

*

வியாழக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். வழக்கமாக இருபது வரும். செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருச் சேறு வரை கிடந்தன. நீல விளிம்பு வைத்த மாதா சிலையைப் பிலோமி டீச்சர் ஸ்டூலில் இறக்கி வைத்து, செவ்வந்தி மாலையைச் சரிசெய்தார். லூயிஸைச் சட்டை மாற்றி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆல்வின் பொரித் தட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை. நேஹா அப்பாவின் காலடியில் மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுப் பாவாடை.

"லூயிசு தம்பி," என்றார் பிலோமி டீச்சர், "நீயே தொடங்கப்பா."

லூயிஸ் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு பெரியவர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"சரி," என்றான்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சரி. சரி. சரி."

"அவசரமில்லப்பா, மெதுவா," என்றது ஒரு குரல். இன்னொரு பெண், "மாதாவே," என்று விசும்பத் தொடங்கினாள். பிலோமி டீச்சர் இளகிய மனசுக்காரர். "நான் வேணா ஆரம்பிக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாங் டீச்சர்," என்றாள் நேஹா. "அப்பா சொல்லுவாரு. சித்த இருங்க."

இருந்தார்கள். மழை ஓட்டில் விழும் சத்தம் மட்டும். லூயிஸின் கழுத்து நனைந்தது. கண்ணும் நனைந்தது. நேஹா அவன் முழங்காலை அழுத்தினாள். பிறகு அசைத்தாள். "அப்பா. சொல்லுங்கப்பா. முந்தாநேத்துச் சொன்னீங்கல்ல."

லோகப்பிரியா சுவரோரம் டீ டம்ளர்களோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து லூயிஸின் பக்கத்தில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை சொன்னதைப் போலவே, "அருள் நிறைந்த" என்று எடுத்துக்கொடுத்தாள். லூயிஸின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அறிவாள். அவனைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோகும்போது பார்ப்பானே, அது.

அவள் நிறுத்தவில்லை. முன்பாதி முழுவதையும் தானே சொல்லி முடித்தாள்.

ஒரு நொடி கூட்டம் தயங்கியது. நெற்றியில் குங்குமம் வைத்தவள் சொல்கிறாள். பிறகு பழக்கம் தயக்கத்தைத் தள்ளிவிட்டது. அறுபது குரல் பின்பாதியைச் சொன்னது. அவள் அடுத்ததைச் சொன்னாள். பத்து முடியும் இடத்தில் என்ன வரும் என்று மறந்து விழித்தபோது டீச்சர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். ஐம்பதையும் சொன்னாள். கருத்த விரல்களில் மணி இல்லை; மடக்கி மடக்கி எண்ணினாள்.

நேஹா ஒரு பின்பாதிகூடச் சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஆல்வின் மட்டும் பாயை விரித்தான்.

"அக்கா வல்லியாமா," என்று அடுப்படியில் வந்து சொன்னான்.

நேஹா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். லோகப்பிரியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்காரும்போதே, இனி எழுந்திருக்க முடியுமா என்று தோன்றியது.

"ஏங் கண்ணு, இங்க கொசு கடிக்கல?"

"கடிக்கட்டும்."

"தம்பி கூப்படறான்."

"நான் இனிமே சொல்ல மாட்டேன். எல்லாருத்துக்கும் முன்னால மாதா ஏமாத்திப்போட்டாங்க."

"மாதா வரேன்னாங்க, வந்தாங்க. அப்பா பேசறேன்னு யாரு சொன்னா? அப்பா சொன்னாரா?"

நேஹா காலில் கடித்த கொசுவை அடித்தாள்.

"நீ சொன்னே," என்றாள் லோகப்பிரியா. "உம்பேர்ல தப்பில்ல. ஆனா அவரக் கேக்காம நீ அவரு சார்புல வாக்குக் குடுத்துட்டே. அத்தன பேரு பாக்கறாங்க, அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்? ராத்திரி சோறு ஒரு வாய் எறங்கல."

"எம்மேல கோவமா?"

"கோவமில்ல. உன்னையே பாத்துட்டிருந்தாரு. நீதான் திரும்பிப் படுத்துட்டே."

நேஹாவின் மூக்கு அடைத்துக்கொண்டது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் எப்பிடிச் சொன்னீங்க? நீங்கதான் கும்படறதே இல்லியே," என்றாள்.

"பதனோரு வருஷமாக் காதுல உழுந்தது."

"அப்ப நீங்க நம்பறீங்களா?"

"நாளைக்குக் கேளு. இன்னைக்கு எனக்கு இடுப்பு வலிக்குது."

நேஹாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இத பாரு," என்றாள் லோகப்பிரியா. "எனக்கு உங்க செபத்துல ஒண்ணுந் தெரியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் அந்த எடத்தச் சும்மா உட்டுட்டு அவரு மொகத்தையே பாக்கறீங்க பாரு, அத அம்பது தடவ. நாலு மாசமா தினமும் அவர அம்பது தடவ தோக்க வெக்கறீங்க. அது வேண்டாம். நீங்க வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். இனிமே வேண்டாம்."

மழைத் தண்ணீர் ஓட்டு விளிம்பிலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அத யாரு சொல்றது?"

"நீ சொல்லு."

"அது அப்பாதுங்மா."

"அவருதுதான். அவரு கேக்கறப்பக் குடுத்துரு. அதுவரைக்கும் யாராச்சும் வெச்சிருக்கோணுமல்ல?"

நேஹா எழுந்தாள். உள்ளே போய், கட்டில் ஓரத்தில் நின்று, அப்பாவின் காதருகே ஏதோ சொன்னாள். லோகப்பிரியாவுக்குக் கேட்கவில்லை. லூயிஸ் இடது கையை எடுத்து அவள் தலையில் வைத்தான்.

அன்றைக்கு நேஹா அப்பாவைப் பார்த்து உட்காராமல் அவன் பக்கத்திலேயே, அவன் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தாள். அவள் முன்பாதி சொன்னாள். முதல் பத்தில் வேகமாகச் சொல்லிச் சொற்களை விழுங்கினாள். இரண்டாவதில் நிதானம் வந்தது. ஆல்வின் ஒருவனே பின்பாதி என்பதால் அவனுக்குத் துணையாக லோகப்பிரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது பத்தில் லூயிஸின் குரல் இரண்டு சொல்லுக்கு மகளின் குரலோடு சேர்ந்து நடந்து, நின்றுவிட்டது. நேஹா திரும்பிப் பார்க்கவில்லை. அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போனாள்.

நான்காவது பத்தில் லோகப்பிரியாவின் பின்பாதி தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. ஆல்வின் பார்த்தான். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தாள்.

"அக்கா, அம்மா தூங்கிப்போட்டாங்க. எழுப்பட்டுமா?"

"வேண்டாம். மெதுவாச் சொல்லு."

இருவரும் கிசுகிசுப்பாக மீதியைச் சொன்னார்கள். முடிவில் அவரவர் வேண்டுதலைச் சொல்லும் நேரம் வந்தது. ஆல்வின் திங்கட்கிழமையும் மழை விடுமுறை கேட்டான். அடுத்து நேஹாவின் முறை. நாலு மாதமாக ஒரே வேண்டுதலைச் சொல்லிப் பழகிய வாய் அதிலேயே போய் நிற்கப் பார்த்தது.

"அப்பா என்ன கேக்கறாருன்னு," என்றாள், "எங்களுக்குப் புரியோணும்."

"ஆமென்," என்றான் ஆல்வின், அம்மா எழுந்துவிடாதபடி.